இரவு இரண்டு மணிக்கு இம்பிஞ்சர் மாற்றுகிறவருக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள்?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகம் மூன்று இடங்களில் காற்று மாதிரி எடுக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் 24 மணி நேரம். இடத்துக்கு இரண்டு பேர் வீதம் ஆறு ஆபரேட்டர்கள். மேற்பார்வை சமீபத்தில்தான் என் கைக்கு வந்தது. சல்ஃபர் டை ஆக்சைடு பாட்டில் ஒரு நாள் 25 மில்லியாக வருகிறது, இன்னொரு நாள் 33 மில்லியாக வருகிறது. லாக் ஷீட்டில் ரோட்டாமீட்டர் (காற்றோட்ட அளவை உள்ளே மிதக்கும் பந்தின் உயரத்தால் காட்டும் குழாய்) எப்போது பார்த்தாலும் 1.0. கடைசியாக எடுத்த மழைநீரில் பிஹெச் 7.2, ஆபரேட்டர் பாட்டிலை ஒழுங்காகக் கழுவவில்லை என்கிறார் துறைத் தலைவர். ஒரு மாதிரி தவறினால் அரை நாள் சம்பளம் பிடிக்கலாம் என்ற பேச்சும் ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்குள் இதைச் சரிசெய்ய எங்கிருந்து தொடங்குவது?
— உதவிப் பேராசிரியர், கொங்கு மண்டலம்

பதில்: சம்பளப் பிடித்தம் என்ற பேச்சை முதலில் நிறுத்துங்கள். மற்ற எதையும் அதற்குப் பிறகு பார்க்கலாம். 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோல், வாரம் இருமுறை என்ற கணக்கில் வருடத்துக்குக் குறைந்தது 104 அளவீடுகளின் சராசரியைக் கேட்கிறது. அதில் ஒன்று விடுபட்டால் வேறொரு நாள் ஓட்டி ஈடுகட்டலாம். ஓடாத மிஷினுக்கு எழுதிய எண்ணை யாராலும் பிரித்தெடுக்க முடியாது. தவறிய மாதிரிக்குக் காசு பிடித்தால் அடுத்த மாதத்திலிருந்து ஒரு மாதிரியும் தவறாது. ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

இனி உங்கள் பாட்டில்களுக்கு வருவோம். எழுதியிருக்கும் இரண்டு எண்களிலிருந்தே பாதி விடை கிடைக்கிறது. இம்பிஞ்சரில் (காற்றைக் கரைசலுக்குள் குமிழியாக விடும் கண்ணாடிப் பாத்திரம்) 30 மில்லி உறிஞ்சு கரைசல், நிமிடத்துக்கு 1 லிட்டர் காற்று, நான்கு மணி நேரம். ஆக, கரைசல் வழியாகப் போகும் காற்று 240 லிட்டர், அதாவது 0.24 கன மீட்டர். வெயில் 36 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்று வையுங்கள். அந்தக் காற்று கன மீட்டருக்கு இன்னும் சுமார் 21 கிராம் நீராவியை ஏற்கும். 0.24-ஐ 21-ஆல் பெருக்கினால் 5 கிராம். பாட்டிலில் 25 மில்லி மிஞ்சும். இம்பிஞ்சர் தட்டில் ஐஸ் போட்டிருந்தால் கதை தலைகீழ். 50 சதவீத ஈரப்பதத்தில் காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவியும் அதே 21 கிராம்தான். 5 டிகிரியில் காற்று கன மீட்டருக்கு 7 கிராம் நீராவியைத்தான் தாங்கும். மீதி 14 கிராம் கரைசலுக்குள் இறங்கும். 0.24-க்கு 3 மில்லிக்குச் சற்று மேல். உங்கள் 33 மில்லி அதுதான்.

ஆக, இரண்டு பேருமே மாதிரியை நேர்மையாகத்தான் எடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஒருவருக்கு ஐஸ் கிடைத்திருக்கிறது, ஒருவருக்குக் கிடைக்கவில்லை. ஐஸ் வாங்கும் காசை யார் தருகிறார்கள், இரவு பத்து மணிக்கு மேல் அந்தப் பகுதியில் ஐஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கைக்காசில் வாங்கி மாதக் கடைசியில் பில் கொடுத்து அலைய வேண்டும் என்றால், கோடையில் மூன்றாவது வாரத்தோடு ஐஸ் நின்றுவிடும். ஒரு 20 லிட்டர் ஐஸ் பெட்டியும், ஆய்வக ஃப்ரீசரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களும் காலையிலேயே மாதிரிப் பெட்டியோடு போகட்டும்.

ஆய்வகத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. வந்த பாட்டிலின் அளவைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்களா, 30 என்று வைத்துக்கொண்டு போடுகிறார்களா? 25 மில்லியிலிருந்து 10 மில்லி எடுத்து, மொத்தம் 30 என்று பெருக்கினால் விடை 20 சதவீதம் கூடிவிடும். 33-ஐ 30 என்று எடுத்தால் 9 சதவீதம் குறையும். குறைந்து வந்ததைக் காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 30-க்குக் கொண்டுவாருங்கள். கூடி வந்ததை உள்ள அளவிலேயே கணக்கில் எடுங்கள். 22, 23 மில்லி என்று வந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்: கரைசல் சிந்தியிருக்கலாம், அல்லது குழாய் வழியே பம்ப் பக்கம் இழுக்கப்பட்டிருக்கலாம்.

கரைசல் ஆவியாவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. டெட்ராகுளோரோமெர்க்குரேட்டில் (அந்த உறிஞ்சு கரைசலில் உள்ள பாதரசச் சேர்மம்) பிடிபட்ட சல்ஃபர் டை ஆக்சைடு சூட்டில் சிதையும். 20 டிகிரியில் நாளுக்கு 0.9 சதவீதம், 30 டிகிரியில் 5, 40 டிகிரியில் 25. மொட்டை மாடித் தகரப் பெட்டிக்குள் மதியம் வைத்த பாட்டில், பைக் பெட்டியில் வந்து, சனி ஞாயிறு மேசை மேலேயே இருந்தால் மிச்சம் என்ன இருக்கும்? 5 டிகிரியில் வைத்தால் ஒரு மாதம் வரை கவலையில்லை. பழுப்பு பாட்டில் இல்லையென்றால் அலுமினியத் தாள் சுற்றி வெளிச்சம் படாமல் அனுப்பச் சொல்லுங்கள். மூன்று நிலையத்திலும் சல்ஃபர் டை ஆக்சைடு எப்போதும் அடிமட்டத்திலேயே வந்தால், ஊர்க் காற்று சுத்தம் என்று மகிழ்வதற்கு முன் பாட்டில் வந்த வழியைப் பாருங்கள்.

ரோட்டாமீட்டர் 1.0 விஷயத்தில் தவறு உங்கள் தாளில் இருக்கிறது. ஆரம்பத்தில் வால்வைத் திருப்பி 1.0-இல் நிறுத்துவதுதான் அவர் வேலை. அந்த எண் எப்போதும் 1.0 ஆகத்தான் இருக்கும். தெரிய வேண்டியது, நான்கு மணி நேரம் கழித்து வால்வைத் தொடுவதற்கு முன் பந்து எங்கே நிற்கிறது என்பது. ஒரே ஒரு கட்டம் இருக்கும் லாக் ஷீட்டில் ஒரே ஒரு எண்தான் வரும். இரண்டு கட்டம் போடுங்கள்: 'வைத்தது', 'எடுக்கும்போது இருந்தது'. பந்தின் நடுவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். ஆபரேட்டர் குனிய முடியாத உயரத்தில் மீட்டர் இருந்தால் எல்லா அளவும் ஒரு பக்கமாகச் சாயும். 1.0 வைத்தது 0.8-க்கு இறங்கியிருந்தால் சராசரி 0.9 என்று எடுக்கலாம். 0.6-க்கும் கீழே போனால் அந்த மாதிரியைத் தள்ளிவிட்டுக் காரணம் தேடுங்கள். பெரும்பாலும் குமிழிக் குழாயின் நுனியில் காய்ந்த உப்பு அடைத்திருக்கும். இல்லையென்றால் ரப்பர் குழாய் மடங்கியிருக்கும்.

ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பத்து நொடியில் முடிகிற சோதனை ஒன்று உண்டு. பம்ப் ஓடும்போது இம்பிஞ்சருக்குள் காற்று நுழையும் குழாயை விரலால் அழுத்தி மூட வேண்டும். பந்து அடி வரை விழ வேண்டும். பாதியில் நின்றால் நடுவில் எங்கோ காற்று கசிகிறது: முதலில் இம்பிஞ்சர் தலை, அடுத்து குழாய் இணைப்பு என்ற வரிசையில் பார்க்கட்டும். விரலை எடுக்கும்போது மெதுவாக எடுக்க வேண்டும். சட்டென்று விட்டால் கரைசல் பொங்கி மேலே ஏறிவிடும். இதைத் தாளில் எழுதிக் கொடுத்தால் யாருக்கும் பிடிபடாது. ஒரு தடவை நேரில் அவர் விரலாலேயே செய்யவிடுங்கள்.

புதிதாக வந்தவர் செய்யும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: இம்பிஞ்சர் தலையில் காற்று உள்ளே வரும் கையையும் (கிளைக் குழாய்) வெளியே போகும் கையையும் மாற்றிச் சொருகுவது. குமிழி வராது, கரைசல் நேராக பம்புக்குப் போகும். அது பாதரசக் கரைசல் என்பதால் பம்ப் மட்டுமல்ல, அதைக் கழற்றிச் சுத்தம் செய்கிறவரும் ஆபத்தில் இருக்கிறார். உள்ளே வரும் கையில் சிவப்பு டேப் சுற்றுங்கள், இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கண்ணில் தெரியும்படி. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கான கரைசலில் சோடியம் ஆர்சனைட் இருக்கிறது. ஆக ஒரு இம்பிஞ்சரில் பாதரசம், இன்னொன்றில் ஆர்சனிக். 'கெமிக்கல் பார்த்துப்பா' என்று சொல்லி அனுப்புவது போதாது. மாடியில் யாரும் பெரிய பாட்டிலிலிருந்து ஊற்றி அளக்கக் கூடாது. ஆய்வகத்திலேயே 30 மில்லி வீதம் நிரப்பி, சல்ஃபருக்கு ஒரு நிற மூடி, நைட்ரஜனுக்கு வேறு நிற மூடி போட்டு அனுப்புங்கள். 24 மணி நேரத்துக்கு ஆறும் ஆறும் பன்னிரண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு உபரி, ஒரு வெற்று மாதிரி. மொத்தம் பதினாறு பாட்டில். வெற்று மாதிரி என்பது இம்பிஞ்சரில் ஊற்றி, காற்று இழுக்காமல், திரும்பப் பாட்டிலில் எடுத்து வருவது. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, கை கழுவ ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் மாடியிலேயே இருக்கட்டும். மிச்சக் கரைசல் ஒரு சொட்டுகூட மாடிக் குழாயில் போகாமல் ஆய்வகத்துக்குத் திரும்பி வந்து, அபாயகரக் கழிவுக்கான கேனில் சேர வேண்டும்.

தூசு மாதிரியில் எதைப் பார்க்க வேண்டும் என்று ஆபரேட்டரிடம் சொல்லியிருக்கிறார்களா? பிஎம்10-க்கான (10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசு) 8-க்கு 10 அங்குல ஃபில்டரை எட்டு மணி நேரம் கழித்து எடுக்கும்போது, நடுவில் சாம்பல் நிறமும் சுற்றிலும் வெள்ளை ஓரமும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கோடு கத்தியால் வெட்டியது மாதிரி தெரிய வேண்டும். கோடு ஒரு பக்கம் கலங்கிப் பரவியிருந்தால் அந்தப் பக்கம் ஓரத்தை அடைக்கும் கேஸ்கெட் தேய்ந்துவிட்டது, அல்லது திருகு சரியாக இறுகவில்லை. வெள்ளை ஓரம் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் ஒல்லியாகவும் இருந்தால் பேப்பர் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது. இதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும், மறுநாள் காலைக்குள் நீங்கள் பதில் சொல்லிவிடலாம். கேஸ்கெட்டில் ஒட்டிக் கிழிந்த நார் இருந்தால் அதையும் சுரண்டி அதே உறைக்குள் போடச் சொல்லுங்கள். நிமிடத்துக்கு 1.1 கன மீட்டர், 480 நிமிடம் என்றால் 528 கன மீட்டர் காற்று. 2 மில்லிகிராம் நார் போனால் கணக்கில் கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 4 மைக்ரோகிராம் குறையும். பேப்பரைத் தூசுப் பக்கம் உள்ளே வரும்படி நடுவில் மடிக்க வேண்டும். பேப்பரின் அடையாள எண்ணை எடை போடுவதற்கு முன்பே அச்சிட்டுவிடுங்கள். எடை போட்ட பிறகு பேப்பரில் பேனா படவே கூடாது.

பிஎம்2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள தூசு) இன்னும் நுணுக்கமானது. நிமிடத்துக்கு 16.67 லிட்டர் வீதம் 24 மணி நேரத்துக்கு 24 கன மீட்டர்தான். 0.24 மில்லிகிராம் பிசகினாலே 10 மைக்ரோகிராம் வித்தியாசம். அதனால் அந்தச் சின்ன ஃபில்டரை மாடியில் கழற்றவே வேண்டாம். அதைப் பிடித்திருக்கும் கேசட்டோடு மூடி போட்டு அனுப்பி, கேசட்டோடு திரும்பப் பெறுங்கள்.

மின்வெட்டு நாட்களில் கடிகாரத்தை நம்பாமல் மிஷினில் உள்ள மணி மீட்டரை எழுதச் சொல்லுங்கள். 40 நிமிடம் கரண்ட் போயிருந்தும் பழக்கத்தில் 480 என்று எழுதினால், தூசு 8 சதவீதம் குறைவாகத் தெரியும். கார்பன் பிரஷ் உள்ள புளோவர் என்றால் பிரஷ் 400 முதல் 500 மணி நேரம் தாங்கும். வாரம் 48 மணி நேரம் ஓடுகிறது. எட்டாவது வாரம் தாண்டும்போது ஜோடியாக மாற்றிவிடுங்கள். பெரும்பாலான இடங்களில் நடப்பது என்னவென்றால், பிரஷ் தேய்ந்து நடுராத்திரியில் மோட்டார் நின்ற பிறகுதான் உபரி வாங்க ஃபைல் நகர்கிறது. புது பிரஷ் போட்டதும் குறைந்த மின்னழுத்தத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டு, பிறகு ஓட்ட அளவை மறுபடி சரிபார்த்த பின்பே மாதிரிக்கு வையுங்கள்.

மழைநீரில் பிஹெச் 7.2 வந்ததற்கு ஆபரேட்டர் மேல் பழி போடுவது அவசரம். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு மட்டும் கரைந்த சுத்தமான நீருக்கு 5.6, அதனால் மழை என்றாலே 5.6-ஐ ஒட்டித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. நம் நாட்டில் மண் தூசியிலிருக்கும் கால்சியம் அமிலத்தை முறித்துவிடுவதால் 6, 7 என்று வருவது புதிதல்ல. நீண்ட வறட்சிக்குப் பிறகு பெய்யும் முதல் மழையில் இன்னும் ஏறும். அழுக்கா, தூசியா என்று பிஹெச்சை வைத்துச் சொல்ல முடியாது, அயனிகளைப் பார்க்க வேண்டும். கால்சியம் உயர்ந்து, அளந்த எதிர்மின் அயனிகளின் கூட்டுத்தொகை குறைவாக இருந்தால், விடுபட்டது பைகார்பனேட். அது மண் தூசி. அம்மோனியம், பாஸ்பேட், பொட்டாசியம் மூன்றும் சேர்ந்து எகிறினால் புனலில் காக்கையோ புறாவோ உட்கார்ந்திருக்கிறது. சோடியமும் குளோரைடும் மட்டும் உயர்ந்தால் வியர்வைக் கை பட்டதா என்று கேட்கலாம். ஆனால் கடல் காற்றோடு வந்த மழையிலும் இவை இரண்டும் இருக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு எந்த நிலையிலும் வேண்டாம். அயனி நீக்கிய நீரில் பல தடவை அலசுவதே போதும்.

பாட்டில் கழுவியதா இல்லையா என்பதற்குத் தீர்ப்பு சொல்ல ஒரே வழி, மழை இல்லாத நாளில் எடுக்கும் வெற்று மாதிரி. 250 மில்லி அயனி நீக்கிய நீரைப் புனலில் சுற்றிலும் ஊற்றி, பாட்டிலில் பிடித்து, மழை மாதிரி போலவே அனுப்ப வேண்டும். ஊற்றிய நீரின் மின் கடத்துதிறனையும் வந்த நீரின் கடத்துதிறனையும் ஒப்பிட்டால் விடை தெரிந்துவிடும். துறைத் தலைவரிடம் வாதாடுவதைவிட இந்த இரண்டு எண்களைக் காட்டுவது மேல்.

மழைநீர் பிடிக்கும் உங்கள் கருவி தானாக மூடி திறக்கும் வகையா என்று எழுதவில்லை. அப்படியானால் ஒவ்வொரு முறை போகும்போதும் சென்சாரில் நான்கைந்து சொட்டுத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். சில நொடியில் மூடி நகர வேண்டும். துடைத்துக் காய்ந்ததும் திரும்ப மூட வேண்டும். சென்சார் மேல் பூச்சியோ உப்போ படிந்தால் மழை விட்ட பிறகும் மூடி திறந்தே கிடக்கும், உலர் தூசியெல்லாம் உள்ளே விழும். வெறும் புனலும் பாட்டிலும்தான் என்றால், மழை தொடங்கியதும் ஓடிப்போய்த் திறக்கும் வேலையை ஆபரேட்டர் தலையில் கட்டாதீர்கள். முதல் சில நிமிட மழையில்தான் அழுக்கு அதிகம். ஐந்து நிமிடம் தாமதித்தால் முடிவே வேறு. திறந்தே வைத்து, 'உலர் படிவும் சேர்ந்தது' என்று அறிக்கையில் குறிப்பிட்டுவிடுவது யோக்கியம்.

மாதிரி எடுக்கும் நேரத்தைக் காலை 8.30 என்று வைத்துக்கொள்ளுங்கள். வானிலைத் துறை மழை அளப்பதும் அந்நேரம்தான் என்பதால் ஒப்பிட வசதி. அளவு ஜாடியில் ஊற்றி அளக்க வேண்டாம், அதுவே அசுத்தம் சேர்க்கும். 1 கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு ஒன்று கொடுங்கள். வெற்றுப் பாட்டில் எடை, நிறைந்த பாட்டில் எடை, கழித்தால் கிராமே மில்லி. 20 செண்டிமீட்டர் விட்டமுள்ள புனலில் 1 மில்லிமீட்டர் மழைக்கு 31.4 மில்லி சேர வேண்டும். பக்கத்து மழைமானி 12 மில்லிமீட்டர் காட்டினால் பாட்டிலில் 377 மில்லி. 300 மில்லிதான் இருக்கிறது என்றால் புனல் அடைத்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்கலாம். பிஹெச் மின்முனையைப் பெரிய பாட்டிலில் முக்கக் கூடாது. அதிலிருந்து பொட்டாசியம் குளோரைடு கசிந்து குளோரைடு அளவைக் கெடுக்கும். கொஞ்சம் தனியாக ஊற்றி அளந்துவிட்டு, அளந்ததைக் கொட்டிவிட வேண்டும். மிச்சம் உடனே ஃப்ரிட்ஜுக்கு. வெளியே வைத்தால் ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்களை நுண்ணுயிர் சில நாளில் தின்றுவிடும், பிஹெச் மேலே ஏறும். உங்கள் 7.2-க்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்; எத்தனையாவது நாள் அளந்தீர்கள் என்று பாருங்கள்.

அமெரிக்காவில் 1978-இல் தொடங்கிய தேசிய வளிமண்டலப் படிவுத் திட்டத்தில், நாடு முழுக்க உள்ள மழை நிலையங்களில் செவ்வாய்தோறும் மாதிரி மாற்றுகிறார்கள். நாள் ஒன்று, படிவம் ஒன்று, முறை ஒன்று. நமக்கு அவ்வளவு வசதி இல்லை, மூன்று நிலையம்தானே. ஆனால் ஆபரேட்டர் கூப்பிட ஒரே நம்பர், அதை எடுக்க ஓர் ஆள் என்பதற்கு வசதி தேவையில்லை. மாதிரி எடுக்கும் இரவுகளில் அந்த ஆள் யார் என்று பட்டியல் போட்டு ஒட்டுங்கள். 'சார், மிஷின் சத்தம் மாறுது' என்று கூப்பிடுகிறவரிடம் 'சரியா மாட்டினீங்களா?' என்று கேட்டால் 'மாட்டினேன் சார்' என்றுதான் வரும். 'பந்து எங்க நிக்குது? மேனோமீட்டர் எவ்ளோ காட்டுது? ஒரு போட்டோ அனுப்புங்க' என்று கேளுங்கள். முடிவுகளை அடுத்த வாரத்துக்குள் அவருக்கும் அனுப்புங்கள், எந்த மாதிரி தள்ளப்பட்டது, ஏன் என்பதோடு. அவர் மாற்றிய பேப்பர் என்ன எண்ணாக வந்தது என்று இதுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காலை 6-க்குத் தொடங்கினால் 10, 2, 6, இரவு 10, 2, மறுநாள் 6 என்று மாற்ற வேண்டும். ஒரே ஆள் 24 மணி நேரமும் இருப்பது முடியாத காரியம். இரண்டு பேரும் பன்னிரண்டு மணி நேரம் பிரித்துக்கொள்ளட்டும். மாடியில் விளக்கு, கைப்பிடியுள்ள படி, 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான், சரியான எர்த். ஐப்பசியில் ஈர மாடியில் இவை இல்லாமல் ஆளை ஏற்றாதீர்கள். இடி மின்னல் இருக்கும்போது மாற்ற வேண்டாம், மாதிரி போனால் போகட்டும் என்று எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் யாரும் நம்பி இறங்கி வர மாட்டார்கள்.

மழைக்கு முன் செய்ய வேண்டியது: புது லாக் ஷீட், நிற மூடிப் பாட்டில்கள், நிலையத்துக்கு ஒரு உபரிப் பெட்டி (பிரஷ் ஒரு ஜோடி, கேஸ்கெட், ஃபியூஸ், இரண்டு மீட்டர் குழாய், ஒரு இம்பிஞ்சர்), மூன்று புனல்களிலும் தலா ஒரு வெற்று மாதிரி. இம்பிஞ்சர் கண்ணாடி, உடையும். உடைந்ததற்கும் காசு பிடிக்காதீர்கள்.